பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு வாய் துவர்ப்பு

கொல்கத்தாவுக்கு வந்து முப்பது ஆண்டுகளாகியும் லேக் மார்க்கெட் ஃபில்டர் காபியைத் தாண்டி நான் எதையும் பருகியதில்லை. சென்ற மாதம் பெங்களூரிலிருந்து வந்த மகன், எங்கள் இருவரையும் பார்க் ஸ்ட்ரீட்டில் ஓர் இத்தாலிய உணவகத்துக்கு அழைத்துச் சென்றான். தனக்கென்று கியாந்தி என்ற சிவப்பு ஒயின் ஒரு கோப்பை வரவழைத்தான். எனக்குச் சுருக்கென்றது. என் மனைவி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்நகருக்கு இத்தாலியர் புதியவர்கள் அல்லர். 1869-இல் வைஸ்ராய் மேயோ பிரபுவிடம் இனிப்புக் கலைஞராக வந்த ஃபெடெரிகோ பெலிட்டி, பின்னர் இங்கே சொந்தமாக உணவகம் நடத்தினார். சௌரங்கியில் ஃபிர்போவின் உணவகமும் புகழ்பெற்றிருந்தது. ஆனால் என் மகன் கையில் கோப்பையா?

"ஒரு வாய் பாருங்கப்பா, பிடிக்கலேன்னா விட்டுடுங்க" என்றான்.

பார்த்தேன். நெல்லிக்காய் கடித்தாற்போல் நாக்கு சுருங்கியது. நம் அறுசுவையில் ஒன்றான துவர்ப்பேதான்! திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின், உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு சேர்வதால் வாய் வறள்கிறதாம். தக்காளியும் சீஸும் சேர்ந்த பாஸ்தாவை உண்டபின் மீண்டும் ஒரு வாய். வாழைப்பூவின் துவர்ப்பைப் பருப்பு அடக்குவதுபோல் அது அடங்கியிருந்தது.

மூன்றாம் வாய் நான் கேட்கவில்லை. அவனும் ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொண்டு, டாக்சி அழைத்தான்.

என் தந்தைக்குத் தெரியாமல் நான் சிகரெட் பிடித்த நாட்கள் வழியெல்லாம் நினைவுக்கு வந்தன. இவன் என் எதிரிலேயே அருந்தினான். வாசகர்களே, பெற்றவர்களுக்கு எது நிம்மதி? எனக்கு விடை தெரிந்துவிட்டது.