உஷார்! யூ-பூட்டில் எரேஸ் அடிக்கும் முன்...

சீரியல் கேபிளை மாட்டி யூ-பூட் என்ற பூட்லோடருக்குள் நுழைந்துவிட்டீர்களா? ஃபிளாஷ் பார்ட்டிஷனை மாற்றப்போகிறீர்களா? கீபோர்டிலிருந்து கையை எடுங்கள். இதைப் படித்துவிட்டுத் தொடுங்கள். ஃபிளாஷை அழிக்கும் 'எஸ்எஃப் எரேஸ்' கட்டளை 'நிச்சயம்தானா?' என்று கேட்காது. என்டர் தட்டியதும் அழிக்கத் தொடங்கிவிடும்.

எண்ணில் உஷார்!

யூ-பூட் கட்டளைகளில் வெறுமனே எண் அடித்தால் அது ஹெக்ஸ் கணக்கு. 64 கேபி அழிக்க 10000 என்று அடிக்க வேண்டும். பழக்கதோஷத்தில் 65536 என்று அடித்தால் அது சுமார் 405 கேபி! பொதுவாக, செக்டார் எல்லையோடு பொருந்தாத நீளத்தைக் கட்டளை ஏற்காது. ஆனால் நீளத்துக்கு முன் கூட்டல் குறி போட்டிருந்தால், அடுத்த எல்லை வரை தானே நீட்டிக்கொள்ளும். 64 கேபி செக்டார் கொண்ட நார் சிப்பில் 448 கேபி காலி.

அட்டவணையை நம்பாதீர்கள்!

பார்ட்டிஷன் அட்டவணையைச் சொல்லும் 'எம்டிடிபார்ட்ஸ்' வரியை மாற்றினால் எல்லாம் இடம் மாறிவிடும் என்று நினைப்பவர்கள் ஏராளம். பட்டாவில் எல்லையை மாற்றி எழுதினால் கிணறு நகர்ந்துவிடுமா? யூ-பூட்டின் அமைப்புகள் அடங்கிய என்விரான்மென்ட் எங்கே சேமிக்கப்படும் என்பது பெரும்பாலும் கம்பைல் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. கெர்னல் பெருத்து அந்த இடத்தையும் விழுங்கியிருந்தால், என்விரான்மென்ட்டைச் சேமிக்கும் 'சேவ்என்வ்' கட்டளை அடுத்த முறை கெர்னலின் நடுவே எழுதிவிடும். மறுபடி பூட் செய்யும்போது செக்சம் பிழைதான் மிஞ்சும்.

லினக்ஸின் கதை தனி. பொதுவாக, பூட்ஆர்க்ஸ் என்ற கெர்னல் கட்டளை வரி வழியாக அனுப்பினால் ஒழிய யூ-பூட்டின் அட்டவணை கெர்னலுக்குத் தெரியாது. அது தன் டிவைஸ் ட்ரீயில் உள்ளதையே பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஒன்று எழுதியதை இன்னொன்று அழிக்கும். படிக்க மட்டும் என்ற 'ஆர்ஓ' குறி காப்பாற்றும் என்றும் இருந்துவிடாதீர்கள். அது லினக்ஸில்தான் எழுதவிடாமல் தடுக்கும். முகவரி கொடுத்து அழிக்கும் 'எஸ்எஃப் எரேஸ்' அதைச் சட்டை செய்யாது.

போனால் வராதது!

ஏதரோஸ் சிப் கொண்ட 8 எம்பி ரூட்டர்கள் பலவற்றில் கடைசி 64 கேபிக்கு 'ஏஆர்டி' என்று பெயர். வைஃபை ரேடியோவைத் தொழிற்சாலையில் அளந்து எழுதிய காலிப்ரேஷன் விவரம் அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு போர்டுக்கும் அது தனித்தனி. ஃபர்ம்வேரை மறுபடி இறக்கிக்கொள்ளலாம். இதை எங்கிருந்தும் இறக்க முடியாது. அதே மாடல் வைத்திருக்கும் நண்பரிடம் வாங்கிப் போட்டாலும் சரியாகப் பொருந்தாது.

நான்ட் சிப் என்றால் 'நான்ட் ஸ்க்ரப்' பக்கமே போகாதீர்கள். பழுதான பிளாக் எது என்று தொழிற்சாலை போட்டு அனுப்பிய குறிகளையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

உடனே செய்ய வேண்டியவை:

1. சிப் முழுவதையும் இரண்டு முறை படித்து, இரண்டு நகலின் எம்டி5-ஐ ஒப்பிடுங்கள். ஏஆர்டி, யூ-பூட் பகுதிகளைத் தனியாக இன்னொரு கணினியிலும் வையுங்கள்.

2. ஒவ்வொரு பார்ட்டிஷனின் தொடக்கம், நீளம், முடிவு மூன்றையும் ஹெக்ஸில் காகிதத்தில் எழுதுங்கள். எல்லைகள் செக்டார் அளவின் மடங்காக இருக்கட்டும்.

3. யூ-பூட்டின் அட்டவணை, டிவைஸ் ட்ரீ, என்விரான்மென்ட் முகவரி மூன்றும் அந்தக் காகிதத்தோடு ஒத்துப்போகின்றனவா பாருங்கள்.

4. பூட்லோடரே அழிந்தால் பல போர்டுகளுக்கு ஜேடேக்கோ, சிப்பில் கவ்வும் ப்ரோகிராமரோதான் கதி. இரண்டும் கைவசம் இல்லையென்றால் பூட்லோடர் பகுதியைத் தொடவே தொடாதீர்கள்.