மயக்கத்தில் நாயின் ரத்த அழுத்தம் ஏன் இறங்குகிறது?

செர்டாங் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையோ, கிள்ளானில் ஒரு கிளினிக்கோ, நாய்க்கு மூச்சு வழியே மயக்கம் கொடுத்தால் அது பெரும்பாலும் ஐசோஃப்ளூரேன். மூளையைத் தூங்கவைக்கும் அதே மருந்து ரத்தக் குழாய்ச் சுவரின் தசையையும் தளர்த்துகிறது. குழாய் விரியும், அழுத்தம் இறங்கும். பழைய மயக்க மருந்தான ஹாலோத்தேன் இதயத்தையே அதிகம் தளர்த்தியது.

சராசரி அழுத்தம் 60 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே நீடித்தால் சிறுநீரகத்துக்குப் போதிய ரத்தம் கிடைக்காது. அதனால்தான் பாதத்தில் முடியை மழித்து, ஜெல் தடவி, டாப்ளர் கருவியை ஒட்டி, நாடியின் 'ஷ்ஷ்... ஷ்ஷ்' ஓசையைக் கேட்டபடியே இருக்கிறார்கள்.

அழுத்தம் இறங்கினால் முதல் வேலை, மயக்க மருந்தின் அளவைக் குறைப்பது. ஃபெண்டனில் போன்ற வலிநிவாரணி ஏற்கெனவே கொடுத்திருந்தால் குறைந்த ஐசோஃப்ளூரேனே போதும். அதனால் வலிநிவாரணி ஊசியை வீண்செலவு என்று நினைப்பது தவறு. மயக்க மருந்தைக் குறைத்தும் அழுத்தம் ஏறாவிட்டால் டிரிப்ஸ், பிறகு அழுத்தத்தை ஏற்றும் டோபமைன்.