கப் இருக்கு, கல்லா காலி: ரக்பி கிளப்கள் ஏன் மூடுகின்றன?

வாஸ்ப்ஸ் என்று ஒரு ரக்பி கிளப். 1867-ல் லண்டனில் ஆரம்பித்தது. இங்கிலாந்து லீகை ஆறு தடவையும், ஐரோப்பியக் கோப்பையை 2004, 2007 என இரண்டு தடவையும் ஜெயித்திருக்கிறது. நம்ம ஊர் கணக்கில் சொன்னால் சிஎஸ்கே மாதிரி ஒரு பேர். அந்த கிளப் 2022 அக்டோபர் 17 அன்று ‘அட்மினிஸ்ட்ரேஷன்’ போய்விட்டது. கடனைக் கட்ட முடியாத கம்பெனியை வெளியாள் ஒருவரிடம் ஒப்படைத்து, இருப்பதை வைத்து முடிந்ததைச் செய்யச் சொல்வதுதான் அது. அன்றைக்கே வீரர்கள், கோச்கள், ஆபீஸ் ஊழியர்கள் என்று 167 பேருக்கு வேலை போனது. சீசன் முடிந்துகூட இல்லை, பாதியில்.

அதுக்கு மூன்று வாரம் முன்னாடி வூஸ்டர் வாரியர்ஸ். அடுத்த ஜூன் மாதம் லண்டன் ஐரிஷ். 13 அணிகள் இருந்த இங்கிலாந்து பிரீமியர்ஷிப், ஒன்பது மாதத்துக்குள் 10 அணி லீகாகச் சுருங்கிவிட்டது.

‘கொரோனாதானே காரணம்?’ என்று கேட்கலாம். மைதானத்துக்கு ஆள் வரவில்லை, அரசு கொடுத்த அவசரக் கடன் தலைமேல் ஏறியது, எல்லாம் உண்மைதான். ஆனா கொரோனா கடைசியா வந்த காய்ச்சல். உடம்பு அதுக்கு ரொம்ப முன்னாடியே சரியில்லை.

கொஞ்சம் பின்னாடி போவோம். 15 பேர் ஆடும் ரக்பி யூனியனில், 1995 ஆகஸ்ட் வரை ஆடுவதற்குச் சம்பளம் வாங்கக் கூடாது என்பதுதான் விதி. டாக்டர், போலீஸ், வாத்தியார் என்று வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடினார்கள். பிறகு டிவி பணம் பெரிதாக உள்ளே வர, இனி வீரர்களைப் பிடித்து வைக்க முடியாது என்று தெரிந்து, சர்வதேச வாரியம் ஒரே நாளில் கதவைத் திறந்துவிட்டது. நூறு வருஷமாக டீச்செலவுக்கு மட்டும் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கிளப்கள் திடீரென்று சம்பளப் பட்டியல் போட வேண்டியிருந்தது. வருமானம் தயாராக இல்லை. அந்த ஓட்டையை அடைத்தது பணக்கார உரிமையாளர்களின் பாக்கெட்.

வூஸ்டரை எடுத்துக்கோங்க. அதை சின்ன லீகிலிருந்து மேலே தூக்கிவந்தவர் செசில் டக்வொர்த். மெக்கானிக்கல் மக்கள் கவனிக்க: அவர் பணம் சம்பாதித்தது பாய்லர் செய்து! வீட்டுக்குச் சூடேற்றுவது, குழாய்க்கு வெந்நீர் தருவது இரண்டையும் ஒரே பெட்டியில் செய்யும் ‘காம்பி பாய்லர்’தான் அவர் கம்பெனியின் பலம். கடைசியில் கம்பெனியை ஜெர்மனியின் பாஷ் வாங்கியது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி சிக்ஸ்வேஸ் மைதானத்தின் புல்லிலும் கேலரியிலும் போய்ச் சேர்ந்தது. இப்படி ஒரு மனுஷன் இருக்கிற வரைக்கும் கிளப் ஓடும். அவர் விலகின பிறகு?

இப்போ கணக்குக்கு வருவோம். எகனாமிக்ஸ் பேப்பரில் படித்த நிலையான செலவு, மாறும் செலவு ஞாபகம் இருக்கா? ரக்பி கிளப்பின் செலவில் பெரும்பகுதி நிலையானது. களத்துக்குத் தேவை 23 பேர், ஆனால் ஆட்டம் முழுக்க மோதல். யாராவது எப்போதும் தோளிலோ முட்டியிலோ கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் 40 பேர் வரைக்கும் சம்பளத்தில் வைக்க வேண்டும். கூடவே பிசியோ, டாக்டர், கோச், மைதானப் பராமரிப்பு. ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவை மாறாது.

வருமானமோ ஆட்டம் நடக்கும் நாளில்தான். ஐபிஎல் மாதிரி அதிகமா ஆட முடியாதா என்றால், முடியாது. உடம்பு தாங்காது, வாரத்துக்கு ஒன்றுதான். 13 அணி இருந்தபோது லீகில் ஒரு கிளப்புக்கு சொந்த மைதானத்தில் 12 ஆட்டம். 10 அணி ஆனதும் 9.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. சாதாரண வியாபாரத்தில் எதிர்க்கடை மூடினால் நமக்கு லாபம். தெருவில் மூன்று டீக்கடையில் ஒன்று மூடினால் மற்ற இரண்டிலும் கூட்டம் கூடும். விளையாட்டில் தலைகீழ். போட்டியாளன் செத்தால் உன் டிக்கெட் விற்பனையும் போகிறது, ஏன்னா நீ விற்கிற பொருளே அவனோடு ஆடும் ஆட்டம்தான். மூன்று கிளப் மூடியதும் மிச்சமிருந்தவர்களுக்கு சொந்த மைதான லீக் ஆட்டத்தில் கால்வாசி காணாமல் போனது. ஆனாலும் கிளப்கள் ஒன்றையொன்று நஷ்டத்துக்குள் தள்ளிக்கொண்டேதான் இருந்தன. எப்படி?

சம்பளத்தால். பக்கத்து கிளப் ஒரு நல்ல ஃப்ளை ஹாஃபுக்கு அதிகம் கொடுத்தால் நாமும் கொடுக்கணும். இல்லாவிட்டால் தோற்று, கீழ் லீகுக்கு இறங்கி, டிவி பங்கையும் இழப்போம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்த்தால் சரியான முடிவு, மொத்தமாகப் பார்த்தால் தற்கொலை. கேம் தியரி படித்தவர்களுக்கு இது பழைய நண்பன்.

இதைத் தடுக்கத்தான் சம்பள உச்சவரம்பு. பல வருஷம் அது ஆண்டுக்கு 70 லட்சம் பவுண்டு. கொரோனாவுக்குப் பிறகு 2021-22-ல் 50 லட்சமாகக் குறைத்து, 2024-25-ல் 64 லட்சமாக மறுபடி ஏற்றினார்கள். ஒரு பவுண்டை ஏறக்குறைய நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் போதும், சுலபமாகக் கணக்குப் போடலாம். ஆனால் உச்சவரம்பு செலவைத்தான் கட்டுப்படுத்தும். அந்தச் செலவுக்கு ஏற்ற வருமானம் கிளப்பிடம் இருக்கா என்று அது கேட்பதில்லை. ஏமாற்று வேலையும் நடந்தது. சாம்பியன் அணியான சரசன்ஸ் வரம்பை மீறியதற்காக 2019-ல் 35 புள்ளி வெட்டும் 53 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதமும் வாங்கி, கடைசியில் கீழ் லீகுக்கே தள்ளப்பட்டது.

இனி வாஸ்ப்ஸ் கதைக்குத் திரும்புவோம், ஏன்னா இதில்தான் நமக்குப் பாடம் அதிகம். சொந்த மைதானம் இல்லாத கிளப்புக்கு உணவு, பார்க்கிங், கச்சேரி வாடகை எதுவும் முழுசா கைக்கு வராது. ஆகவே சொந்தமா ஒன்று வேண்டும் என்று வாஸ்ப்ஸ் நினைத்தது. அந்த யோசனையில் தப்பில்லை. 2014-ல் லண்டன் பக்கத்தை விட்டு, நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் கோவென்ட்ரியில், 32,000 பேர் உட்காரும் மைதானத்தை வாங்கிக் குடிபோனது. பழைய ரசிகர்களில் எத்தனை பேர் அவ்வளவு தூரம் வருவார்கள்?

2015-ல் பொதுமக்களிடம் கடன் பத்திரம் விற்று 3.5 கோடி பவுண்டு திரட்டினார்கள். வட்டி 6.5 சதவீதம், அசலைத் திருப்பித் தர வேண்டியது 2022 மே மாதம். கால்குலேட்டர் எடுங்க. வருஷ வட்டி மட்டும் கிட்டத்தட்ட 23 லட்சம் பவுண்டு. 12 சொந்த மைதான ஆட்டம் என்றால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் விசில் ஊதும் முன்பே 1.9 லட்சம் பவுண்டு வட்டிக்குப் போய்விடுகிறது. அசல் தனி. அதைப் புதுக் கடன் வாங்கித்தான் அடைக்க முடியும் என்பதே திட்டம். நடுவில் மைதானங்கள் பூட்டப்பட்டன. 2022 மே வந்தது, புதுக் கடன் கிடைக்கவில்லை, வரித்துறை வேறு வாசலில் நின்றது. பிறகு மைதானத்தை மைக் ஆஷ்லியின் ஃப்ரேசர்ஸ் குழுமம் வாங்கிக்கொண்டது. பத்திரம் வாங்கியவர்களில் கிளப் மேல் இருந்த பாசத்துக்காகப் போட்டவர்களும் உண்டு. போட்ட பணம் முழுசா திரும்பவில்லை. சீட்டு கம்பெனி கதைகள் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த வலி புரியும்.

இன்னொரு விஷயம். 2018 கடைசியில் சிவிசி என்ற முதலீட்டு நிறுவனம் லீகின் 27 சதவீதப் பங்கை 20 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. கிளப்களுக்குக் கையில் ஒரே தடவையில் கோடி பவுண்டுக்கு மேல் கிடைத்தது. பதிலுக்கு வருங்கால வணிக லாபத்தில் நூற்றுக்கு 27 அவர்களுக்கு. வயலை விற்று கல்யாணம் பண்ணின மாதிரிதான். அந்தக் காசை மைதானத்தில் போட்டிருந்தால் வேறு கதை, பல இடங்களில் அது சம்பளத்துக்கும் பழைய நஷ்டத்துக்கும் கரைந்தது என்பது என் பார்வை.

அப்போ எல்லாரும் இப்படித்தானா? இல்லை. எக்ஸெட்டர் சீஃப்ஸ் கொரோனாவுக்கு முன்பு பல வருஷம் லாபம் காட்டிய கிளப். சாண்டி பார்க் என்ற சொந்த மைதானம், அதில் வாரநாட்களில் மாநாடு, விருந்து, கல்யாணம். ரக்பி இல்லாத நாளிலும் கல்லாவில் சத்தம் கேட்கும். 2010-ல்தான் மேல் லீகுக்கு வந்தார்கள், 2017-லும் 2020-லும் பட்டம். அவர்களையும் கொரோனா அடித்தது, ஆனால் மூடும் நிலைக்குப் போகவில்லை.

பிரான்ஸ் வழி வேறு. அங்கே டிவிக்கே கிராக்கி: கனால் பிளஸ் டாப் 14 உரிமைக்கு 2023 முதல் நான்கு சீசனுக்குக் கொடுக்கும் தொகை 45 கோடி யூரோவுக்கு மேல். கூடவே கிளப்களின் கணக்குப் புத்தகத்தைத் தணிக்கை செய்யும் ஒரு அமைப்பு இருக்கிறது. பட்ஜெட் நம்பும்படி இல்லை என்றால், களத்தில் ஜெயித்தாலும் கீழே இறக்கிவிடும் அதிகாரம் அதற்கு உண்டு. மோன்டோபான் 2010-ல் பணப் பிரச்சினையால் அப்படித்தான் விழுந்து, 15 வருஷம் கழித்து 2025-ல் மறுபடி டாப் 14-க்கு ஏறி வந்தது. அங்கேயும் நஷ்டத்தைத் தாங்கும் பணக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனா கணக்கைக் கேட்க ஒரு ஆள் இருக்கிறான், வித்தியாசம் அவ்வளவுதான்.

ரக்பியில் கிளப் மூடுவது புதுசு இல்லை, அதிலும் ஒரு இந்தியத் தொடர்பு உண்டு. கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் நடத்திய ரக்பி கிளப் 1878-ல் ஆள் இல்லாமல் கலைந்தது. பாரில் இலவசச் சரக்கு நின்றதும் உறுப்பினர்கள் குறைந்தார்கள் என்று ஒரு கதை! மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, உருக்கி ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் ஆடுவது அந்தக் கல்கத்தா கோப்பைக்குத்தான். கடன் வைக்காமல் மூடிய கிளப், அந்த மரியாதை அதுக்கு உண்டு.

மிச்சமிருக்கும் பத்து கிளப்களில் நியூகாசிலை 2025-ல் ரெட் புல் வாங்கி, பேரையும் நியூகாசில் ரெட் புல்ஸ் என்று மாற்றிவிட்டது. பாய்லர்காரருக்குப் பதிலா எனர்ஜி டிரிங்க். வூஸ்டர் புது உரிமையாளர்களோடு 2025-26 சீசனில் இரண்டாம் நிலை லீகில் ஆட வந்தது. சிக்ஸ்வேஸ் மைதானம் அங்கேயே இருந்ததால் திரும்பிவர ஒரு இடம் இருந்தது. வாஸ்ப்ஸுக்கு அதுவும் இல்லை. கென்ட் பக்கம் மைதானம் கட்டும் திட்டம் பேச்சில் இருக்கிறது, அணி இன்னும் களத்துக்குத் திரும்பவில்லை.