குடக்கூலியாக ஒரு விஷம்

கரீபியக் கடலின் ஓரங்களிலே, நமது பிச்சாவரத்துச் சுரபுன்னைக்கு இனமான மரங்கள் உப்புநீருக்குள் ஊன்றி நிற்கும் வேர்களைப் பற்றிக்கொண்டு, ஆரஞ்சு வர்ணம் தோய்ந்த சிறு கண்ணாடிக் குழல்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டி வைத்தாற்போல ஒரு பிராணி வளர்கிறது. விரற்கணு அளவே உள்ள அக்குழல் ஒவ்வொன்றும் ஒரு துவாரத்தால் கடல்நீரை உள்ளிழுத்து, இரையை வடித்துக்கொண்டு, மற்றொரு துவாரத்தால் நீரை வெளியேற்றிக் காலம் கழிக்கிறது. ஓடி ஒளியக் காலும், மூடிக்கொள்ள ஓடும் இல்லாத இந்தச் சாதுவான ஜீவனின் குஞ்சுகளை, வாயில் கொண்ட மீன்கள் உடனே உமிழ்ந்துவிடுகின்றன. ஏனெனில் அதன் உடலில் கடுமையான ரசாயனங்கள் ஊறியிருக்கின்றன.

அதன் சாற்றுக்குப் புற்றுநோய் அணுக்களை அழிக்கும் சக்தி உண்டென்பது 1969-இல் தெரிய வந்தது. அச்சக்திக்குக் காரணமான பொருளின் அமைப்பைக் கண்டு வெளியிடுவதற்கு மட்டும் 1990 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இரட்டைச் சுருளின் குறுகிய பள்ளத்தில் இப்பொருள் பொருந்தி, சுருளையே வளைத்துவிடுகிறது. ட்ராபெக்டடின் என்ற பெயரில், தசை, கொழுப்பு முதலிய மென்திசுக்களில் தோன்றும் புற்றுக்கு மருந்தாக இதனை ஐரோப்பா 2007-லும், அமெரிக்கா 2015-லும் அங்கீகரித்தன.

ஆனால் 1 கிராம் மருந்துக்குச் சுமார் 1 டன் பிராணிகள் வேண்டும்! நோயாளிகளைக் காக்கப் புறப்பட்டு ஒரு ஜீவராசியையே நிர்மூலம் செய்வதா? இதே சாயலுள்ள ரசாயனங்களைச் சில பாக்டீரியாக்கள் உண்டாக்குவதை விஞ்ஞானிகள் முன்பே அறிவார்கள். ஸ்பெயின் தேசத்து ஃபார்மாமார் நிறுவனத்தார், சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா தரும் ஸஃப்ராஸின் என்ற பொருளை முதலாக வைத்து, மிகுதியை ஆய்வகத்திலேயே அமைத்து மருந்தை முடிக்கும் வழியை 2000-இல் வெளியிட்டார்கள். அந்தச் சாயலோ மற்றொரு சந்தேகத்தையும் கிளப்பிற்று: கடற்பிராணியின் விஷத்தையும் உள்ளே குடியிருக்கும் ஏதோ ஒரு நுண்ணுயிர்தான் சமைக்கிறதோ?

மிச்சிகன் பல்கலைக்கழகத்து டேவிட் ஷெர்மன் குழுவினர், பிராணியின் டி.என்.ஏ.யையும் அதனுள் வாழும் நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.யையும் பிரிக்காமல் ஒருங்கே எடுத்துப் படித்து, விஷம் சமைக்கும் மரபணுக்களைத் தேடிப் பிடித்து, அவை இன்ன பாக்டீரியாவுக்கு உரியவை என்று 2011-இல் அறிவித்தார்கள். 2015-இல் அதன் மரபேடு முழுவதும் வாசிக்கப்பட்டபோது வியப்பு இன்னும் பெருகிற்று. நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் ஏட்டில் சுமார் 46 லட்சம் எழுத்துகள் உண்டு; இதிலோ சுமார் 6,31,000 எழுத்துகளே. பிறர் வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்து பழகிவிட்டமையால், தனித்து வாழ்வதற்கு வேண்டிய மரபணுக்கள் பலவற்றை அது இழந்துவிட்டது. எனினும் விஷம் சமைக்கும் மரபணுக்களை இழக்கவில்லை. வீடு கொடுத்த பிராணியைக் காக்கும் அவ்விஷமே, அது செலுத்தி வரும் குடக்கூலி போலும்.

மருந்தைச் செய்தது பாக்டீரியா. அதற்கு வீடு பிராணி. பிராணிக்கு வீடு மரத்தின் வேர். ஆகவே கரையோரத்து மரமொன்றை வெட்டுகிறவன், தான் ஒருபோதும் கண்ணால் காணமுடியாத ஒரு வைத்தியனின் குடியையும் சேர்த்தே வெட்டுகிறான் என்பதை நாம் மறக்கலாகாது.