நகரக் கொள்கைகளின் இடப்பெயர்வை ஆராயும் முறைகள்: காவலூர் வானமும் தெருவிளக்குகளும்

ஒரு நகரில் உருவான திட்டமோ சட்டமோ வேறொரு நகருக்குச் சென்று, அங்குள்ள சூழலுக்கேற்ப உருமாறி நடைமுறைக்கு வருவது கொள்கை இடப்பெயர்வு எனப்படுகிறது. பிரேசிலின் குரிட்டிபாவில் 1974-இல் தொடங்கிய விரைவுப் பேருந்துத் தடம் 2000-இல் கொலம்பியாவின் பொகோட்டாவையும், 2009-இல் அகமதாபாத்தையும் அடைந்தது இதற்குப் பலரும் காட்டும் எடுத்துக்காட்டு. புவியியல், அரசியல், நகரவியல் ஆகிய துறைகளின் ஆய்வாளர்கள் இத்தகைய பயணங்களை ஆராய்கின்றனர். யார் கொண்டு வந்தார், எதைக் கொண்டு வந்தார், வழியில் எது மாறியது, எது வந்து சேரவே இல்லை என்பவை அவர்களின் கேள்விகள்.

இக்கேள்விகளுக்கு ஜவ்வாது மலை பொருத்தமான களம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான இதில், திருப்பத்தூர் மாவட்டக் காவலூரில், சுமார் 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வான் ஆய்வகம் உள்ளது. 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் இங்குப் பணி தொடங்கியது. 1977-இல் யுரேனசு கோளின் வளையங்களைக் கண்டறிந்த உலக அவதானிப்புகளில் காவலூருக்கும் பங்குண்டு. 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறந்து வைக்கப்பட்டது. மலையடிவாரத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், ஆலங்காயம், திருப்பத்தூர் ஆகிய ஊர்கள் வளர்ந்தன; சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையும் அருகில்தான் செல்கிறது. இந்த ஊர்கள் எந்த விளக்கை, எந்தக் கோணத்தில் பொருத்துகின்றன என்பது நகராட்சியின் முடிவு. அதன் விளைவோ மலைமேல் உள்ள தொலைநோக்கியில் தெரிகிறது.

இரு கொள்கைகள், இரு வேகங்கள்

முதலாவது, இருண்ட வானைக் காக்கும் விளக்கு விதிகள். அமெரிக்காவின் பிளாக்ஸ்டாஃப் நகரம் 1958-இல் விளம்பரத் தேடொளி விளக்குகளைக் கட்டுப்படுத்தியது. அங்குள்ள லோவெல் வான் ஆய்வகமே அதற்குக் காரணம். 1972-இல் டூசான் நகரம் வெளிப்புற விளக்குகளுக்கு விதி வகுத்தது. 1988-இல் எசுப்பானியா, லா பால்மா தீவின் வானைக் காக்கச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு டூசானில் பன்னாட்டு இருண்ட வான் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் லடாக்கின் ஹான்லே பகுதி 2022-இல் இருண்ட வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 1,073 சதுர கி.மீ.

இரண்டாவது, எல்இடி தெருவிளக்குத் திட்டம். 2014 அக்டோபரில் ஹுட்ஹுட் புயலால் சேதமடைந்த விசாகப்பட்டினத்தில் சுமார் 90 ஆயிரம் தெருவிளக்குகள் எல்இடியாக மாற்றப்பட்டன. 2015 சனவரியில் தேசியத் தெருவிளக்குத் திட்டம் தொடங்கியது. மத்திய அரசுத் துறையைச் சேர்ந்த இஇஎஸ்எல் நிறுவனம் முதலில் செலவு செய்யும். நகராட்சி மின்கட்டணச் சேமிப்பிலிருந்து திருப்பிச் செலுத்தும். கையில் பணமில்லாத நகராட்சிக்கும் எளிதில் புரியும் கணக்கு இது. தமிழ்நாட்டு நகராட்சிகளும் பல்வேறு நிதி ஏற்பாடுகளின்கீழ் சோடியம் ஆவி விளக்குகளைக் கழற்றி எல்இடி பொருத்தின.

முதல் கொள்கை அமெரிக்காவிலிருந்து ஹான்லேக்கு வர 64 ஆண்டுகள் ஆயின. இரண்டாவது சில ஆண்டுகளிலேயே நாடு முழுவதும் பரவியது. மின்சேமிப்பை ரூபாயில் காட்டலாம், வானின் இருளை அப்படிக் காட்ட முடியாது என்பது இவ்வேறுபாட்டின் ஒரு பகுதியையாவது விளக்கும்.

கொள்கையைப் பின்தொடர்தல்

1990களில் டோலோவிட்சு, மார்சு ஆகியோர் முன்வைத்த 'கொள்கை இடமாற்றம்' என்னும் அணுகுமுறை, ஓர் அரசு மற்றோர் அரசிடமிருந்து எதைக் கற்றது என்று கேட்டது. பின்னர் வந்த யூசின் மெக்கான், கெவின் வார்டு, சேமி பெக், நிக் தியோடர் ஆகியோர் அது போதாது என்றனர். கொள்கை பொட்டலம் போல ஓரிடத்தில் கட்டி மற்றோரிடத்தில் பிரிக்கப்படுவதில்லை; போகும் வழியிலேயே மாறுகிறது. எனவே ஆய்வாளரும் அதனுடன் பயணிக்க வேண்டும். பெக்கும் தியோடரும் இதைக் 'கொள்கையைப் பின்தொடர்தல்' என்றனர்.

நடைமுறையில் இது ஆவண வேலையும் நேர்காணலும் சேர்ந்தது. பன்னாட்டு இருண்ட வான் சங்கம் 2011-இல் ஒளியூட்டல் பொறியியல் சங்கத்துடன் இணைந்து ஒரு மாதிரி விளக்குச் சட்டத்தை வெளியிட்டது. ஒரு நகரின் விதியை அதனுடன் வரிக்கு வரி ஒப்பிட்டால் எது எடுக்கப்பட்டது, எது விடப்பட்டது என்பது தெரியும். நம் நகராட்சிகளில் மன்றத் தீர்மானம், ஒப்பந்தப்புள்ளி ஆவணம், விளக்கு விவரக்குறிப்பு ஆகியவற்றை 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டுப் பெறலாம். விவரக்குறிப்பில் வாட் அளவு மட்டும் உள்ளதா, ஒளியின் நிற வெப்பநிலையும் மேல்நோக்கிச் சிதறும் ஒளிக்கு வரம்பும் உள்ளனவா என்று பார்ப்பது, பல பக்கக் கொள்கை அறிக்கையைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

நேர்காணலில் ஆணையரோடு நிற்பது பொதுவான குறை. மின் பிரிவுப் பொறியாளர், ஒப்பந்ததாரர், மன்ற உறுப்பினர், விளக்குக் கம்பத்தில் ஏறும் பணியாளர் ஆகியோரிடமும் பேச வேண்டும். வெற்றி பெற்ற திட்டத்திற்கு எல்லோரும் உரிமை கொண்டாடுவார்கள் என்பதால், ஒருவர் சொன்னதை நாளிட்ட ஆவணத்துடன் ஒத்துப் பார்ப்பது கட்டாயம்.

வராத கொள்கையை ஆராய்தல்

வந்து சேர்ந்த கொள்கைகளை மட்டும் ஆராய்ந்தால் வெற்றிக் கதைகளே மிஞ்சும். ஹான்லேயும் காவலூரும் ஒரே நிறுவனமான இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வகங்கள். அறிவு இரண்டுக்கும் பொதுவானது. ஹான்லேயில் மக்கள் தொகை மிகக் குறைவு. ஒன்றியப் பகுதி நிருவாகம், மலை மேம்பாட்டு மன்றம், நிறுவனம் ஆகிய மூன்றும் உடன்பட்டால் போதும். அங்குள்ளவர்களுக்கு வான்காட்சிச் சுற்றுலாவில் வருவாயும் உண்டு. ஜவ்வாது மலையடிவாரத்தில் பல உள்ளாட்சிகள், நெடுஞ்சாலைத் துறை, தோல் தொழிற்சாலைகள், கடைகள் எனத் தனித்தனி முடிவெடுப்போர் உள்ளனர். இத்தகைய இணை ஒப்பீடு 'அறிவு இருந்தால் கொள்கை வந்துவிடும்' என்ற எண்ணத்தைச் சோதிக்க உதவுகிறது.

விளைவை அளத்தல்

வான் ஒளிர்வைக் கையடக்கக் கருவியால் தரையிலிருந்து அளக்கலாம். மாசற்ற வானில் அதன் அளவு 22-ஐ ஒட்டி இருக்கும். எண் குறையக் குறைய வானம் வெளுத்துள்ளது என்று பொருள். செயற்கைக்கோள் படங்களும் கிடைக்கின்றன, ஆனால் இங்கொரு பொறி உண்டு. பரவலாகப் பயன்படும் விர்ஸ் உணரி 500 நானோமீட்டருக்குக் குறைந்த நீல ஒளியைப் பார்ப்பதில்லை. சோடியம் விளக்குகளை வெள்ளை எல்இடியாக மாற்றிய ஊர் அதன் படத்தில் மங்கியதுபோலத் தோன்றலாம். நீல ஒளியே வளிமண்டலத்தில் அதிகம் சிதறுவதால், மலைமேல் இருப்பவருக்கு வானம் உண்மையில் வெளுத்திருக்கும். படத்தை மட்டும் நம்பினால் தீங்கு செய்த திட்டத்திற்கு நற்சான்று கொடுக்க நேரும்.

டூசானில் 2019-இல் தெருவிளக்குகளின் வெளிச்சத்தைச் சில இரவுகள் மாற்றி அமைத்துச் செயற்கைக்கோள் வழியே அளந்தனர். வானிலிருந்து தெரிந்த ஒளியில் தெருவிளக்கின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. எஞ்சியது கடைப் பலகைகள், வாகன நிறுத்தங்கள், விளையாட்டுத் திடல்கள் போன்றவற்றுடையது. ஆகவே வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ களப்பணி செய்பவர் நகராட்சிக் கோப்புடன் நில்லாமல், கடைத்தெருவில் பெயர்ப்பலகை விளக்குகள் எத்தனை மணிக்கு அணைகின்றன என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.