'வென்ட்' எங்கே 'கோ' ஆகிறது?

நம் பிள்ளைகள் பலர் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதிவிடுகிறார்கள். வேலைக்கான நேர்முகத் தேர்வில் இரண்டு வாக்கியம் பேசச் சொன்னால் வாயடைத்துப் போகிறார்கள். சொல் தெரிந்திருந்தும், பிழை வந்துவிடுமோ என்ற அச்சம்.

அடிக்கடி வரும் பிழை ஒன்றைப் பாருங்கள். 'நான் போகவில்லை' என்பதை 'ஐ டிட் நாட் வென்ட்' என்கிறார்கள். இறந்த காலத்தை 'டிட்' என்ற சொல்லே சுமந்துவிடுகிறது. எனவே 'வென்ட்' தன் மூல வடிவத்துக்குத் திரும்பிவிடும்: 'ஐ டிட் நாட் கோ'. கேள்வியிலும் அப்படியே: 'டிட் யூ கோ?'

தமிழில் 'போனேன்' என்கிறோம். மறுக்கும்போது 'போனவில்லை' என்றா சொல்கிறோம்? மதரஸாவில் அரபி இலக்கணம் படிக்கும் பிள்ளைக்கு இது இன்னும் எளிது. 'தஹப' என்றால் போனான். 'லம்' சேர்ந்தால் 'லம் யத்ஹப்' ஆகிவிடுகிறது. ஸர்ஃப் பாடத்தை மனனம் செய்கிற பிள்ளை ஆங்கில இலக்கணத்துக்கு அஞ்சுவது எனக்கு வியப்புதான்.

வெறும் சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஈட், சீ, பை, கம், டேக் என நாளுக்கு 5 வினைச்சொல் போதும். இஷாவுக்குப் பின் ஒவ்வொன்றையும் மூன்று விதமாக உரக்கச் சொல்லச் செய்யுங்கள்: 'ஐ ஏட்', 'ஐ டிட் நாட் ஈட்', 'டிட் யூ ஈட்?' ஆங்கிலம் படிக்காத தாயும் இதைச் சரிபார்க்கலாம். முதல் வாக்கியத்தில் கேட்ட 'ஏட்', 'டிட்' உள்ள வாக்கியத்தில் மறுபடி காதில் விழுந்தால் நிறுத்தித் திரும்பச் சொல்ல வையுங்கள்.