டி.வி. பெட்டியைத் திட்டுமுன் கூரையைப் பாருங்கள்!



போன மாதம் கிள்ளானை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் சம்பளப் பேச்சு பற்றிய கூட்டம். கூட்டம் முடிந்து மோட்டார் சைக்கிளைக் கிளப்பும் நேரத்தில் ஓர் அம்மா வழிமறித்தார்.

"தலைவரே, சம்பளத்த அப்புறம் பேசிக்கலாம். எங்க வீட்டு டி.வி.க்கு மொதல்ல ஒரு வழி சொல்லுங்க. வாங்கி ரெண்டு வருசம்கூட ஆகல. மழை தூறினாலே படம் கட்டம் கட்டமா ஒடையுது. சத்தம் விட்டு விட்டு வருது. தமிழ்ச் செய்தி பாக்க முடியலன்னு மாமியார் தினம் சண்டை."

பட்டணத்துக் கடை ஒன்றுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். "போர்டு போச்சு, 280 வெள்ளி ஆகும்" என்றாராம் கடைக்காரர். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லையாம்.

280 வெள்ளி என்றால் என்ன கணக்கு? 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று ஆனது. அதை 26 வேலை நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். நாலு நாளுக்கு மேல் குலை வெட்டிய கூலியை அந்த 'போர்டு' விழுங்கப் பார்த்தது.

அதே லயத்தில் பிறந்து, இப்போது பிரிக்பீல்ட்ஸில் ரிப்பேர் வேலை பார்க்கும் தம்பி ஒருவருக்குச் சொல்லி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தார். வந்தவர் பெட்டியைத் தொடவே இல்லை. ஏணி கேட்டார்! கூரைமேல் இருந்தது மாமனார் காலத்து ஏரியல். ஒயரின் மேல்தோல் வெடித்து உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. முனையிலிருந்த பின் பச்சைப் பாசி பிடித்துக் கிடந்தது. புது ஏரியல், புது ஒயர் என்று 90 வெள்ளிக்குள் வேலை முடிந்தது. படம் கண்ணாடி மாதிரி வந்தது. மாமியார் முகத்திலும் சிரிப்பு வந்தது.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. தோட்டம் தோட்டமாகப் போகிறவன் நான். டி.வி. மேல் சொல்லப்படும் குற்றங்களில் பாதி, டி.வி. செய்த குற்றமே அல்ல.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28-இல் தொடங்கியது. அன்று கறுப்பு வெள்ளை. பதினைந்து ஆண்டு கழித்து 1978-இல் வண்ணம் வந்தது. அந்தக் காலத்தில் ஏரியல் திரும்பிக்கொண்டால் திரையில் பனி கொட்டும், ஒரு முகம் இரண்டு முகமாகத் தெரியும். ஆனாலும் படம் ஓடும். தம்பி கூரையேறித் திருப்புவான், அக்கா உள்ளிருந்து "இன்னுங் கொஞ்சம், போதும், போதும்" என்று கத்துவாள். கோளாறு கூரையில் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

2019-இல் பழைய ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, எல்லாம் டிஜிட்டல் ஆனது. உதவித் தொகை பெற்ற குடும்பங்களுக்கு அரசாங்கம் டிகோடரை இலவசமாகக் கொடுத்தது. டிஜிட்டலின் குணம் வேறு. அலை போதுமான அளவு கிடைத்தால் படம் பளிச்சென்று வரும். கொஞ்சம் குறைந்தால் கட்டம் கட்டமாக உடையும், உறைந்து நிற்கும். இன்னும் குறைந்தால் ஒன்றுமே வராது. பனி கொட்டி எச்சரிக்காது. அதனால்தான் பெட்டியே கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். இன்னொன்று: இப்போதைய ஒளிபரப்பு யு.எச்.எஃப். அலையில் வருகிறது. நீளக் கம்பிகள் கொண்ட பழைய வி.எச்.எஃப். ஏரியல் அதற்குப் பொருந்தாது. குட்டைக் கம்பிகள் உள்ள யு.எச்.எஃப். ஏரியல் வேண்டும். புதிதாக மாட்டியபின் அலைவரிசைகளை மறுபடியும் தேடிப் பதிய வேண்டும்.

சரி, பெட்டி வைத்திருப்பவர்கள் படத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? கிள்ளான், காப்பார், பந்திங் பக்கம் கேட்டதைச் சொல்கிறேன்.

"கடையில பாத்தப்ப கண்ணப் பறிச்சிச்சு. வீட்டுல பாத்தா கண்ணு எரியுது, மூஞ்செல்லாம் நீலமாத் தெரியுது" என்பது ஒன்று. கடையில் வெளிச்சத்தையும் வண்ணத்தையும் உச்சத்தில் ஏற்றிக் காட்டுவார்கள். பட அமைப்பில் 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'மூவி' என்று மாற்றி, பின்வெளிச்சத்தைக் குறையுங்கள். கண்ணுக்கும் நல்லது, பெட்டிக்கும் ஆயுசு கூடும்.

"பெரிய திரை வாங்கினோம், படம் மங்கல்" என்பது இன்னொன்று. 4கே பெட்டி என்றாலும் வருகிற படம் அவ்வளவு நுணுக்கமானது அல்ல. பழைய படத்தைப் பெரிய திரையில் இழுத்துப் போட்டால் மங்கலாகத்தான் தெரியும். லயத்து வீட்டு ஹால் எத்தனை அடி? அதைப் பார்த்து வாங்குங்கள். "பாயில் படுத்துப் பார்த்தால் வெளுத்துத் தெரிகிறது" என்கிறார்கள் சிலர். விலை மலிந்த சில திரைகளின் குணம் அது. கடையிலேயே பக்கவாட்டிலும் கீழேயும் நின்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இனி உண்மையான கோளாறுகள்.

சத்தம் வருகிறது, படம் இல்லையா? இருட்டில் திரைமேல் டார்ச் அடித்துப் பாருங்கள். நிழல் மாதிரி படம் அசைந்தால், பின்னாலிருக்கும் எல்.இ.டி. விளக்குப் பட்டை போயிருக்கலாம். அதைப் பெரும்பாலும் மாற்ற முடியும். "திரையே போச்சு" என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள்.

குறுக்கும் நெடுக்கும் கோடு விழுந்தால், அல்லது திரை வெடித்தால், அது பெரும்பாலும் திரைக் கோளாறுதான். திரையின் விலை புதுப் பெட்டியின் விலையை நெருங்கும். காசை அதில் கொட்டாதீர்கள்.

இடிக்குப் பிறகு பெட்டி செத்துக் கிடந்தால் மின்சாரப் போர்டு எரிந்திருக்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கு இடி மின்னல் அதிகம் விழும் இடம். மழை கறுத்ததும் மின்சாரப் பிளக்கையும் ஏரியல் ஒயரையும், இரண்டையும் கழற்றுங்கள். ஒயர் வழியாகவும் மின்னல் இறங்கும். ஆனால் இடி இடிக்கத் தொடங்கியபின் அதைத் தொடாதீர்கள். கூரைப் பக்கமும் போகாதீர்கள். பெட்டியின் முதுகை நீங்களே திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

சாயங்காலம் லயம் முழுவதும் விளக்கு மங்கி, எல்லார் வீட்டு டி.வி.யும் அணைந்து அணைந்து எரிகிறதா? அது உங்கள் பெட்டியின் கோளாறு அல்ல. 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டப்படி போதுமான மின்சாரம் தருவதும், வீடுகளைப் பழுது பார்ப்பதும் நிர்வாகத்தின் கடமை. தனித் தனியாக முணுமுணுக்காமல், தோட்டக் கிளைச் செயலாளரிடம் எழுத்து மூலம் கொடுங்கள்.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தப் பாகம் போச்சு, விலை என்ன, கூலி என்ன என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். கோலாலம்பூர் ஜாலான் பசாரில் உதிரிப் பாகக் கடைகள் உண்டு. விலையை அங்கே விசாரிக்கலாம். புதுப் பெட்டி வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா, டிகோடர் உள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். ரசீதின் மை மங்கிப் போகும், கைப்பேசியில் படம் எடுத்தும் வையுங்கள்.

ஏமாற்றினால் என்ன செய்வது? 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் சேர்த்துத்தான் போடப்பட்டது. 'திரிபுனல்' என்று சொல்லப்படும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம். வக்கீல் தேவையில்லை. ஆனால் ரசீது இல்லாமல் போனால் வாய்ப் பேச்சை மட்டும் நம்பிப் போக வேண்டியிருக்கும்.

அந்த அம்மாவிடம் மிச்சக் காசை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "சின்னவளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கணும் தலைவரே" என்றார். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். வியர்வை சிந்திய காசு, நண்பர்களே. கேள்வி கேட்காமல் கொடுக்காதீர்கள்!